வீட்டு ஒயரிங் வேலையும் எலக்ட்ரீஷியனும்: சுவரை மூடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒயரிங் வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சுவருக்குள் போய்விடும். பூச்சு பூசிய பிறகு உள்ளே எந்த ஒயர் ஓடுகிறது, எங்கே ஜாயிண்ட் போட்டார்கள், எர்த் ஒயர் பிளக் பாயிண்ட் வரை வந்ததா பாதியிலேயே நின்றதா என்பதெல்லாம் போட்டவருக்கு மட்டுமே தெரியும். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, சரி, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். ஒயர் மெல்லியதாக இருந்தாலும் ஃபேன் சுற்றும்.

பழைய வீட்டின் ஒயரிங்கை முழுதாக மாற்றும் வேலையில் நாங்கள் நிறைய அலைந்தோம். என்ன கேட்க வேண்டும், எந்தத் தாளை எப்போது வாங்க வேண்டும், பணத்தை எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதி மிச்சமாகியிருக்கும். அதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். உரிமம் கொடுக்கும் அமைப்பு, ஒயர்களின் நிறம், அனுமதி முறை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் இடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கணக்குகளுக்கு 230 வோல்ட்டை எடுத்திருக்கிறேன்.

1. இன்றே கூப்பிட வேண்டியதா, அடுத்த வாரம் ஆகலாமா?

சில அறிகுறிகளைப் பார்த்த பிறகு மூன்று பேரிடம் விலை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. சுவிட்ச் போர்டோ பிளக்கோ தொட்டால் சுடுகிறது. உள்ளேயிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. பிளாஸ்டிக் கருகும் வாடை, சில சமயம் கெட்ட மீன் போன்ற வாடை, எங்கிருந்து என்றே தெரியாமல் அடிக்கிறது. சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறது. குழாயையோ வாஷிங் மெஷினின் உடம்பையோ தொட்டால் சுர்ரென்கிறது. இவற்றில் எது இருந்தாலும் அந்த சர்க்யூட்டை அணைத்துவிட்டு அன்றைக்கே ஆளை வரச் சொல்லுங்கள். எந்த சர்க்யூட் என்று தெரியவில்லையா, மெயினையே அணையுங்கள்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில விளக்குகள் திடீரென்று கண் கூசும் அளவுக்கு எரிந்து, அதே நேரம் மற்றவை மங்கினால், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எங்கோ அறுந்தோ கழன்றோ இருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பில் இப்படி ஆனால், 230 வோல்ட்டுக்குச் செய்த கருவிக்கு 400 வோல்ட்டை ஒட்டிக்கூடப் போய்விடும். உடனே மெயினை அணைத்துவிட்டு மின் விநியோக நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பழுது மீட்டருக்கு வெளியே இருந்தால் அங்கே உங்கள் எலக்ட்ரீஷியன் கைவைக்க முடியாது.

யாரையாவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின். அணைக்க வழியில்லை என்றால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விலக்குங்கள். மூச்சில்லை என்றால் அவசர உதவியைக் கூப்பிட்டுவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள். மின்சாரம் ஓடும் இடத்தில் தீப்பிடித்தால் தண்ணீர் கூடாது. மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. ஆளைக் கூப்பிடும் முன் வீட்டின் கணக்கை எடுத்து வையுங்கள்

எலக்ட்ரீஷியன் வந்து நின்றபிறகு யோசித்தால் அவர் சொல்வதுதான் கணக்கு. முன்பே தயாராக வைத்திருக்க வேண்டியவை நான்கு:

- கடைசி மின் கட்டண ரசீது. இணைப்பு ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்ற விவரம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.
- டிபி பாக்ஸின், அதாவது வீட்டின் எல்லா சர்க்யூட்டுகளும் பிரியும் பெட்டியின் படங்கள். உள்ளே வரிசையாக இருக்கும் தானியங்கி சுவிட்சுகள்தான் எம்சிபி; ஒவ்வொரு எம்சிபி மேலும் உள்ள எண் படிக்கும்படி எடுங்கள்.
- எந்த எம்சிபியை அணைத்தால் எந்த அறையில் எது நிற்கிறது என்ற பட்டியல். ஒரு மாலை போதும். இருவர் இருந்தால் சுலபம்.
- கருவிகளின் பட்டியலும் அவற்றின் வாட் அளவும். கருவியின் பின்புறம் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வாங்கப் போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி, இண்டக்ஷன் அடுப்பு, மின் வாகன சார்ஜர் மூன்றும் கணக்கையே மாற்றிவிடும்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 120 வோல்ட் உள்ள நாட்டில் அதே கீசருக்கு 16.7 ஆம்பியர் தேவை. சமையலறையில் 2000 வாட் கெட்டில், 1200 வாட் மைக்ரோவேவ், 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் ஒரே 16 ஆம்பியர் சர்க்யூட்டில் இருந்து, மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 22 ஆம்பியரைத் தாண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சமையலறைக்கு எத்தனை சர்க்யூட் வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

மொத்த லோடு அனுமதித்த அளவைத் தாண்டுகிறதா? மின் நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி வரும் தேதி உங்கள் கையில் இல்லை. புது ஒயர் தயாராகி, மீட்டர் மாறாமல் உட்கார்ந்திருப்பது பெரிய எரிச்சல். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். செலவு யாருடையது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

3. டிபி பாக்ஸில் எது எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எம்சிபி இருந்தால் ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். எம்சிபி காப்பது ஒயரை. அளவுக்கு மீறி கரண்ட் போனாலோ ஷார்ட் ஆனாலோ, ஒயர் சூடாகி உருகும் முன் அது விழும், அதாவது தானாக அணைந்துவிடும். உடம்பு வழியாக ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் போனாலே கை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியர். ஒரு மனிதர் ஷாக்கில் துடிப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேறு வழியாக, அதாவது உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போனால் உடனே துண்டிக்கும். ஆள் பாதுகாப்புக்கு அதன் மேல் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்க வேண்டும். 100, 300 என்று போட்டவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை, ஆளுக்குப் போதாது. விலை குறைவு என்றோ அடிக்கடி விழாது என்றோ சொல்லி இவற்றை மாட்டிவிடுவது உண்டு. எண்ணைப் படியுங்கள்.

ஆர்சிசிபிக்கும் எல்லை உண்டு. மண்ணோடு தொடர்பில்லாமல் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், கரண்ட் ஒழுங்காகப் போய்த் திரும்புவதாகவே அது நினைக்கும். ஓவர்லோடையும் அது பார்க்காது. ஆகவே எம்சிபியும் கூடவே வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது ஆர்சிபிஓ. இடம் குறைவு, பாதுகாப்பு ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனி, விலை கூடுதல்.

வீடு முழுதுக்கும் ஒரே ஆர்சிசிபி வைத்தால், குளியலறையில் ஒரு கசிவு வந்ததும் ஃபிரிட்ஜும் நின்றுவிடும். கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர், வாஷிங் மெஷின் எல்லாமே எப்போதும் இத்துணூண்டு கரண்டை எர்த்துக்குக் கசியவிடும். எல்லாம் சேர்ந்து 9 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது 30-இல் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடக் கூடாது. அதனால் குறைந்தது இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஆர்சிசிபியிலும் வகை உண்டு. இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் மாதிரி எலக்ட்ரானிக் கருவிகள் உள்ள வீட்டுக்கு ஏ வகை பொருத்தம். பழைய 'ஏசி' (AC) வகை ஆர்சிசிபி (குளிரூட்டும் ஏசியோடு இந்தப் பெயருக்குத் தொடர்பில்லை), அந்தக் கருவிகளில் வரும் ஒருவிதக் கசிவைக் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

4. ஆளைத் தேர்ந்தெடுத்தல்

தெரிந்தவர் சொன்னார் என்பதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளுங்கள், முடிவாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஃபேன் மாட்டுவதில் கெட்டிக்காரர் முழு வீட்டு ஒயரிங்கிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் பேச்சிலேயே கேட்க வேண்டியவை:

- உரிம எண் என்ன, எந்த வகை வேலைக்கு, எப்போது காலாவதி? எண்ணை வாங்கி, உரிமம் கொடுத்த அமைப்பிடம் சரிபாருங்கள். உரிமம் ஒருவருடையது, வேலைக்கு வருவது வேறொருவர் என்பது இந்தத் தொழிலில் சகஜம். மேற்பார்வைக்கு யார், எத்தனை முறை வருவார் என்றும் கேளுங்கள்.
- விபத்து, சேதம் ஆனால் காப்பீடு உண்டா? உண்டென்றால் அதன் நகல்.
- இதே மாதிரி வேலை சமீபத்தில் எந்த வீட்டில் செய்தீர்கள், அவர்களிடம் பேசலாமா?
- வேலை முடிந்ததும் எதை வைத்துச் சோதிப்பீர்கள்?

கடைசிக் கேள்விதான் என்னுடைய வடிகட்டி. மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்), ஆர்சிசிபி டெஸ்டர், எர்த் டெஸ்டர் என்று தயங்காமல் சொல்பவர் ஒரு ரகம். சட்டைப் பையில் செருகிய நியான் டெஸ்டரை எடுத்துக் காட்டுபவர் இன்னொரு ரகம். நியான் டெஸ்டர் எர்த் சரியா, இன்சுலேஷன் சரியா என்று எதையும் சொல்லாது.

சிலவற்றைக் கேட்டதும் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். "எம்சிபி அடிக்கடி விழுதா? பெருசா போட்டுரலாம்" என்கிறாரா? ஒயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால், இனி முதலில் எரியப் போவது ஒயர்தான். "எர்த் இல்லேன்னா என்ன, சாக்கெட்டுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துட்டா போச்சு" என்பது அதைவிட மோசம்: நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்பு முழுதும் ஃபேஸ் ஏறிவிடும். மெயினை அணைக்காமலே வேலை செய்து வீரம் காட்டுபவர் உங்கள் வீட்டில் வேண்டாம்.

5. மதிப்பீடு, செலவு, நாட்கள்

குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று பேர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். போனிலேயே சொல்லும் தொகைக்கு அர்த்தமில்லை. வந்து பார்க்கக் கட்டணம் உண்டா, வேலை கொடுத்தால் அது கழியுமா என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மூன்று மதிப்பீடுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தொகைகள் தாறுமாறாக இருக்கும். பெரும்பாலும் அவர்கள் ஒரே வேலைக்கு விலை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் சுவர் வெட்டுவதைச் சேர்த்திருப்பார், ஒருவர் விட்டிருப்பார். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசுவதில் உள்ள சூது இதுதான். பாயிண்ட் என்றால் சுவிட்ச் மட்டுமா, சுவிட்சும் அதிலிருந்து விளக்கு வரை போகும் ஒயரும் பைப்பும் சேர்த்தா? ஒரு விளக்குக்கு இரண்டு இடத்தில் சுவிட்ச் வைத்தால் ஒன்றா இரண்டா? இதை எழுதிக்கொள்ளாமல் தொடங்கினால் இறுதிக் கணக்கில் பாயிண்டுகள் குட்டி போட்டிருக்கும்.

மதிப்பீட்டில் தனித்தனி வரியாகக் கேட்க வேண்டியவை: ஒயர், அதன் அளவும் தயாரிப்பும், டிபி பாக்ஸும் உள்ளே வரும் ஒவ்வொரு கருவியும், எர்த் அமைப்பு, கூலி, சுவர் வெட்டுதல், திரும்பப் பூசுதல், குப்பை அகற்றுதல், சோதனையும் அதற்கான அறிக்கையும், விண்ணப்பக் கட்டணங்கள். பூச்சும் பெயிண்டும் பெரும்பாலும் எலக்ட்ரீஷியன் கணக்கில் வராது. பழைய வீட்டில் அந்தச் செலவு கண்ணைக் கட்டும், முன்பே ஒதுக்கி வையுங்கள். சுவரைத் திறந்த பிறகுதான் தெரியும் சங்கதிகள் எப்படியும் இருக்கும். கைக்காசில் ஒரு பகுதியை அதற்கென்று தொடாமல் வைப்பது நல்லது. கூடுதல் வேலை எதுவானாலும் தொடங்கும் முன் தொகையை எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே என்று நிபந்தனை போடுங்கள். வாட்ஸ்அப் செய்தியே போதும்.

பொருளை யார் வாங்குவது? நான் நாமே வாங்குவதன் பக்கம். பில் நம் பேரில் இருக்கும், போலி ஒயரின் ஆபத்தும் குறையும். ஆனால் பின்னால் ஏதாவது ஆனால் "நீங்க வாங்கின பொருள்தான் சரியில்ல" என்று அவர் கைகழுவ வழி கிடைக்கும். அதனால் பட்டியலை அவரே எழுதித் தரட்டும், நீங்கள் அதன்படி அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள். ஒயரின் மேல் தயாரிப்பாளர் பெயர், அளவு, தரக்குறியீடு தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

நாட்கள்: ஒரு புது பாயிண்ட் சில மணி நேர வேலை. டிபி பாக்ஸ் மாற்ற ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று வீட்டில் மின்சாரம் இருக்காது, ஃபிரிட்ஜுக்கு ஏற்பாடு தேவை. இரண்டு மூன்று படுக்கையறை வீட்டின் முழு ஒயரிங்குக்கு ஒன்றிரண்டு வாரமாவது ஆகும். பூச்சு காய்வது தனி. குடியிருந்துகொண்டே செய்தால் அறை அறையாகப் போக வேண்டியிருக்கும், இன்னும் இழுக்கும்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பொருளை நீங்களே வாங்கினால் பெரிய முன்பணத்துக்குக் காரணமே இல்லை. சுவருக்குள் ஒயர் இழுத்து முடிந்து, பூசும் முன் நீங்கள் பார்த்த பிறகு ஒரு பகுதி. சுவிட்சுகளும் டிபியும் மாட்டிய பிறகு ஒரு பகுதி. கடைசித் தவணை சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகு. இந்தக் கடைசி நிபந்தனையை ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். முடிவில் சொன்னால் சண்டைதான் வரும்.

6. சுவர் திறந்திருக்கும்போது

இந்தக் கட்டத்தில் வீட்டை விட்டு எங்கும் போகாதீர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. முடியாவிட்டாலும் தினமும் மாலையில் ஒரு சுற்று வாருங்கள்.

ஒயரின் அளவைப் பாருங்கள். பொதுவாக விளக்கு, ஃபேன் சர்க்யூட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பும் 10 ஆம்பியர் எம்சிபியும். பிளக் பாயிண்டுகளுக்கு 2.5-உம் 16 ஆம்பியரும். கீசர், ஏசி போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட், அதற்கு 4. தூரம் அதிகமானாலோ, ஒரே பைப்பில் பல ஒயர்கள் நெருக்கினாலோ இன்னும் பெரிது தேவைப்படும். எம்சிபியின் எண் எப்போதும் ஒயர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும்.

சுவருக்குள் ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜாயிண்ட் தேவையென்றால் அது திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள், முறையான கனெக்டரோடு இருக்கட்டும். தளர்ந்த இணைப்புதான் சூடாகி, கருகி, தீ வைக்கும். எம்சிபிக்கு அது தெரியாது, ஏனென்றால் கரண்ட் அளவுக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும், நியூட்ரலில் இருக்கக் கூடாது. நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும், பல்பு மாற்றும்போது தெரியவரும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதன் சொந்த நியூட்ரல் வேண்டும். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், எட்டாவது பகுதியில் மறுபடி வரும்.

பூசும் முன் எல்லாச் சுவர்களையும் படம் எடுங்கள். தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப் பிடித்து, அளவு தெரியும்படி எடுத்தால் பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும். படத்தில் அறையின் பெயரை எழுதி வையுங்கள். வெட்டிய சுவர்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், சோலார் உள்ள வீடென்றால் மெயினை அணைத்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கலாம். வேலைக்கு முன் இரண்டாவது மூலத்தையும் பிரிக்க வேண்டும். ஜெனரேட்டரைச் சாக்கெட்டில் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றும் வழக்கம் வெளியே கம்பியில் வேலை செய்பவரைக் கொல்லக்கூடியது. ஒரு நேரத்தில் ஒரு மூலத்தை மட்டுமே வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் விடாதீர்கள்.

7. சோதனை: நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய நாள்

சோதனைக்கு முன் டிவி, ரூட்டர், எல்இடி விளக்குகள் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மெகர் 500 வோல்ட் செலுத்தி இன்சுலேஷனைப் பார்க்கும், எலக்ட்ரானிக் பொருள் கெட்டுவிடும். ஒயர்களுக்கு இடையிலும், ஒயருக்கும் எர்த்துக்கும் இடையிலும் குறைந்தது 1 மெகாஓம் வர வேண்டும். புது ஒயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வரும். 1-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் ஏன் என்று தேடச் சொல்லுங்கள். பைப்பில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், ஒயர் உரசித் தோல் போயிருக்கலாம்.

அடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த்தும் டிபி வரை தொடர்ந்து போகிறதா, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா. அதன்பின் எர்த்தின் எதிர்ப்பு. கடைசியாக ஆர்சிசிபி: அதற்கென்று உள்ள மீட்டரால் 30 மில்லி ஆம்பியர் கசிவை உண்டாக்கினால் 300 மில்லி விநாடிக்குள், ஐந்து மடங்கு உண்டாக்கினால் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். முன்னால் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுவதைக் காட்டிவிட்டு "பாருங்க, வேலை செய்யுது" என்பது இந்தச் சோதனைக்கு ஈடாகாது. அந்தப் பட்டன் கருவிக்குள்ளேயே கசிவை உண்டாக்குகிறது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும்.

8. புது ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருந்தால்

பழைய வீட்டில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுபவர்கள் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆர்சிசிபி போட்டதிலிருந்து மாடி விளக்கைப் போட்டால் வீடே இருண்டது. வந்தவர் சொன்ன யோசனை, "சார், இது ரொம்ப சென்சிடிவ், கழட்டிட்டு சாதா மெயின் போட்டுரலாம்." வேறொருவர் வந்து பார்த்ததில், மாடி விளக்கின் நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலோடு பழைய பெட்டியில் சேர்த்து முறுக்கப்பட்டிருந்தது. போன கரண்ட் வேறு வழியில் திரும்பினால் ஆர்சிசிபி விழத்தான் செய்யும். பிரித்ததும் நின்றது.

காரணத்தைத் தேடும் வரிசை: எல்லா பிளக்குகளையும் சாக்கெட்டிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, உருவ வேண்டும். எம்சிபிகளை எல்லாம் அணைத்து ஆர்சிசிபியை ஏற்றுங்கள். ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டு, எதில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிலும் விழவில்லையா, கருவிகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். கீசர், அயர்ன் பாக்ஸ், பழைய மோட்டார் ஆகியவற்றின் மேல் முதலில் சந்தேகப்படுங்கள். மழை நாளில் மட்டும் விழுந்தால் வெளிவிளக்கையும் மொட்டைமாடிப் பெட்டிகளையும் பாருங்கள். இதுவரை நீங்களே செய்யலாம். இதற்கு மேல், பெட்டியைத் திறந்து நியூட்ரலைப் பிரிப்பது எலக்ட்ரீஷியன் வேலை. எது ஆனாலும் ஆர்சிசிபியைக் கழற்ற மட்டும் சம்மதிக்காதீர்கள்.

9. கடைசித் தவணைக்கு முன் வாங்க வேண்டிய தாள்கள்

- சோதனை அறிக்கை. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அளந்த எண்கள் இருக்க வேண்டும். "எல்லாம் சரி" என்று ஒரே வரியில் எழுதியதை வாங்காதீர்கள்.
- வேலை நிறைவுச் சான்று, உரிமம் பெற்றவரின் கையெழுத்தும் எண்ணும் தேதியும் சேர்த்து. மின் நிறுவனமும் காப்பீட்டு நிறுவனமும் கேட்கக்கூடியது இதுதான்.
- எந்த எம்சிபி எதற்கு என்ற படம். ஒரு நகல் டிபி கதவின் உள்பக்கம் ஒட்டப்பட வேண்டும்.
- பொருட்களின் பில்கள், உத்தரவாத அட்டைகள்.
- கூலிக்கான ரசீது. உத்தரவாதம் எத்தனை மாதம், அதில் எது அடங்கும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

"அடுத்த வாரம் அனுப்பி வெக்கிறேன்" என்பார்கள். அதற்குத்தான் அந்தக் கடைசித் தவணை உங்களிடம் இருக்கிறது.

10. அதன் பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனைத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் அழுத்துங்கள். பலர் மாதம் ஒருமுறை என்கிறார்கள். பயன்படுத்தாமலே கிடந்தால் உள்ளே இயங்கும் பகுதி இறுகி, தேவைப்படும் நாளில் விழாமல் போகலாம். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஏசி வேண்டாம். ஒன்றில் இன்னொன்றைச் செருகாதீர்கள். நீளமான ஒயரைச் சுருட்டி வைத்தபடியே பெரிய லோடு ஓட்டினால் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சுருளே உருகும். எந்த அறையில் எக்ஸ்டென்ஷன் நிரந்தரமாகக் கிடக்கிறதோ அங்கே ஒரு சாக்கெட் குறைகிறது என்று பொருள். அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது சேர்க்க வேண்டியவற்றின் பட்டியலை டிபி கதவில் ஒட்டிய படத்துக்குக் கீழேயே எழுதிக்கொண்டு வந்தால், ஒரே வருகைக் கட்டணத்தில் எல்லாம் முடிந்துவிடும்.